சிறை நிலைமைக்காகக் கைதி வழக்குப் போடுவது: அமெரிக்கச் சட்டம் சரியா?

கதிர்:
டெக்சாஸ் சிறை வழக்கு ஒன்றைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. 2013-இல் ஒரு கைதியை அடைத்த அறையில் தரை, சுவர், கூரை எங்கும் மலம். தண்ணீர்க் குழாய்க்குள்ளும் அடைத்துக் கிடந்ததாம். பயந்துபோய் நாலு நாள் போல அவர் சாப்பிடவும் இல்லை, குடிக்கவும் இல்லை. அடுத்த அறையில் கடுங்குளிர், அடைத்துக்கொண்ட வடிகால். கழிவிலேயே அம்மணமாகப் படுத்திருக்கிறார். மொத்தம் ஆறு நாள். இது தப்பு என்று அதிகாரிகளுக்குத் தெளிவாகத் தெரிந்திருக்காது என மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர்களை விட்டுவிட்டது! 2020-இல்தான் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது.

சுந்தரம்:
அது கொடுமை, மறுக்கவில்லை. ஆனால் அதைக் காட்டி எல்லா வழக்கையும் நியாயப்படுத்தாதீங்க. வேர்க்கடலை வெண்ணெய் மாறி வந்ததுக்கெல்லாம் கேஸ் போட்டிருக்கிறார்கள். முதலில் சிறைக்குள் புகார் கொடு, அப்புறம் கோர்ட்டுக்கு வா என்று 1996-இல் சட்டம் வந்தது அதனால்தான்.

தேன்மொழி:
சுந்தரம் சார், அந்தக் கதையில் பாதிதான் ஊரெல்லாம் பரவியது. நீதிபதி ஜான் நியூமன் வழக்குக் கோப்பைப் பார்த்துவிட்டு மீதியையும் எழுதினார். மாறி வந்த ஜாடியைக் கைதி திருப்பிக் கொடுத்துவிட்டார். மாற்று ஜாடி வரவில்லை, அவருடைய சிறைக் கணக்கில் பிடித்த இரண்டரை டாலரும் வரவில்லை. அதைத்தான் கேட்டார்.

சுந்தரம்:
இரண்டரை டாலருக்கு ஃபெடரல் கோர்ட்டா அம்மா? நீதிபதி நேரம், அரசு வக்கீல் சம்பளம் எல்லாம் மக்கள் வரிப்பணம். இப்படி அற்ப வழக்குகள் குவிந்தால் நிஜமான வழக்குதான் அமுங்கிப்போகும்.

தேன்மொழி:
நிஜமான வழக்கையும் அந்தச் சட்டமே அமுக்குகிறது. கலிஃபோர்னியாவில் உள்புகாருக்கு 15 வேலை நாள்தான் கெடு வைத்திருந்தார்கள். கெடு தாண்டிப் புகார் கொடுத்தவருக்கு கோர்ட்டுக் கதவும் சாத்தியாச்சு என்று 2006-இல் உச்ச நீதிமன்றமே தீர்ப்புச் சொன்னது. யார்மேல் புகாரோ, பெரும்பாலும் அவர்களுடைய சிறை நிர்வாகத்துக்கே மனு போகிறது. பழிவாங்குவார்களோ என்று யோசிப்பதற்குள் நாள் ஓடிவிடும். காசில்லாதவருக்கும் கோர்ட் கட்டணம் தள்ளுபடி கிடையாது, கணக்கில் வரும் பணத்தில் மாதம் 20 சதவீதம் பிடிப்பார்கள்.

கதிர்:
அதே கலிஃபோர்னியாவில் சுமார் 80,000 பேருக்குக் கட்டிய சிறைகளில் ஏறக்குறைய இரண்டு மடங்கு ஆட்கள். மருத்துவம் சரியில்லாமல் ஆறேழு நாளைக்கு ஒரு கைதி வீணாகச் செத்தார் என்று கோர்ட்டே பதிவு செய்தது. கூட்டத்தைக் குறைக்கச் சொன்ன உத்தரவும், 2011-இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்ததும், கைதிகள் போட்ட வழக்கில்தான்.

சுந்தரம்:
அது வக்கீல்கள் நடத்திய கூட்டு வழக்கு. நான் பேசுவது தனி ஆள் மனுவைப் பற்றி.

தேன்மொழி:
சரி சார், கெடுவை ஒரு வருஷமாக்கி, புகாரைச் சிறைக்கு வெளியே ஒருவர் விசாரிக்கட்டும். உள்புகார் விதியை நான் எதிர்க்கவே மாட்டேன். சம்மதமா?

சுந்தரம்:
வெளியாள் விசாரிக்கட்டும், அது நியாயம். ஒரு வருஷம் கூடாது, சாட்சியெல்லாம் கலைந்துவிடும். மூணு மாசம் தரலாம்.