எடை குறைகிறது, 105 கிலோ ஸ்குவாட்டும் சேர்ந்து போகிறது: 5 ரெப்பை விட்டுவிடலாமா?

பாம்பன்காரன்:
தங்கச்சிமடத்தில் இருந்து எழுதுகிறேன், விசைப்படகில் பங்குக்குப் போகிறவன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் ஜிம்மே கதியென்று கிடந்தேன். 5 ரெப் ஸ்குவாட், அதாவது பாரைத் தோளில் வைத்து விடாமல் ஐந்து முறை உட்கார்ந்து எழுவது, 80 கிலோவில் இருந்து 105-க்கு ஏறியது. தொப்பையும் ஏறி உடம்பு 86 கிலோ ஆகிவிட்டது. கடலுக்குப் போகத் தொடங்கியதும் ராத்திரிச் சாப்பாட்டை நிறுத்தினேன். ஐந்து வாரத்தில் 82. ஆனால் இப்போது 105 மூன்றாவது ரெப்பிலேயே நின்றுவிடுகிறது, முழங்கையும் வலிக்கிறது.

வாரம் 3 நாள், கரைக்கு வந்த அன்று மாலை போடுகிறேன். ஸ்குவாட்டும் பெஞ்சும் (படுத்து பாரை நெஞ்சுக்கு மேல் தள்ளுவது) 5 செட், செட்டுக்கு 5 ரெப். அப்புறம் லெக் பிரஸ், லெக் கர்ல், குட் மார்னிங் (பாரைத் தோளில் வைத்துக் குனிந்து நிமிர்வது), டிப்ஸ் (இரண்டு கம்பியில் கை ஊன்றி இறங்கி ஏறுவது), ரோயிங், பைசெப்ஸ் கர்ல், ஒவ்வொன்றும் 4 செட். எடை குறைக்கும்போது லைட் வெயிட்டில் 20 ரெப் போடவேண்டும் என்கிறார் மாஸ்டர். மாறலாமா?

இரும்புப்பிரியன்:
மாறுங்கள் நண்பா. ரெப் கூடினால்தான் கொழுப்பு உருகும்.

கீழக்கரை காக்கா:
தம்பி, கொழுப்பு உருகுவது தட்டில். பாரில் கனம் இருந்தால்தான் இந்தத் தசை இன்னும் தேவை என்று உடம்புக்குத் தெரியும். 5 ரெப்பை விடாதீர்கள். விடவேண்டியது மற்றதை.

இதை நான் நோன்பு மாதத்தில் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். ஒரு வருடம் நோன்பு திறந்தபின் வழக்கம்போல் எல்லா செட்டும் போட்டேன். பத்தாம் நோன்புக்குள் தோள் பிடித்துக்கொண்டது, பெஞ்ச் 10 கிலோ இறங்கிவிட்டது. மறுவருடம் வெயிட்டைக் குறைக்கவில்லை, செட்டைப் பாதியாக்கினேன். பெருநாள் கழித்துப் பார்த்தால் பெஞ்சில் அதே 80 கிலோ அப்படியே இருந்தது.

உங்கள் துணைப் பயிற்சியை எண்ணினேன், ஒரு நாளைக்கு 24 செட்! சோற்றைக் குறைத்தவன் இதிலிருந்து எப்போது தேறுவது? படகில் ராத்திரி முழுக்கக் குனிந்து மீன் பிரிக்கிறீர்கள், ஐஸ் அள்ளுகிறீர்கள். இடுப்புக்கு அதுவே போதும், குட் மார்னிங்கை இன்றோடு நிறுத்துங்கள்.

விசைப்படகு திங்கள், புதன், சனி போய் மறுநாள் காலை திரும்பும். தூக்கம் கெட்டு வந்த அன்றே ஸ்குவாட் போட்டால் 105 எப்படி எழும்? வியாழன் ராத்திரி நன்றாகத் தூங்கி, வெள்ளிக்கிழமை ஸ்குவாட்டும் பெஞ்சும். செவ்வாய் பகலில் தூங்கி எழுந்து டெட்லிஃப்ட் (பாரைத் தரையிலிருந்து தூக்கி நிமிர்வது) ஒரே செட், ஓவர்ஹெட் பிரஸ் (நின்றபடி பாரைத் தலைக்கு மேல் தள்ளுவது). ஞாயிறு வீட்டில் இருங்கள். ஸ்குவாட் 100-ல் ஒரு செட் 5 ரெப், பிறகு 90-ல் இரண்டு செட். துணைக்கு ரோயிங் மட்டும், இரண்டு செட், இன்னும் இரண்டு ரெப் வரும் என்கிறபோதே இறக்கிவிடுங்கள். முழங்கை ஆறும்வரை டிப்ஸ் வேண்டாம். வெயிட்டை ஏற்றப் பார்க்காதீர்கள், இருப்பதைக் காப்பாற்றினாலே லாபம்.

மண்டபம் அக்கா:
காக்கா சொன்னதோடு ஒரு புல் அப் சேர்த்துக்கொள்ளலாம், முழங்கை சரியான பிறகு. உடம்பு எடை குறையக் குறைய அது ஒன்றுதான் தானாக ஏறும், மனசுக்கும் தெம்பு.

தம்பி, ராத்திரிச் சாப்பாட்டை நிறுத்தியபோது மீனும் சேர்ந்து போயிற்றே, கவனித்தீர்களா? கிலோவுக்கு 1.6 கிராம் என்று வைத்தாலும் உங்களுக்கு நாளைக்கு 130 கிராம் புரதம் வேண்டும். 100 கிராம் மீனில் ஏறக்குறைய 20 கிராம்தான். குழம்பில் மிதக்கும் இரண்டு துண்டு எந்த மூலைக்கு? மதியச் சோற்றைக் குறையுங்கள், ராத்திரி மீனைத் திரும்பக் கொண்டுவாருங்கள், காலையில் நாலு முட்டை. வறுவல் வேண்டாம், ஒரு மேசைக்கரண்டி எண்ணெயே 120 கலோரி. கருவாடு தின்ற மறுநாள் தராசு ஏறினால் பதறவேண்டாம், அது உப்பு பிடித்துவைத்த தண்ணீர்.

பாம்பன்காரன்:
நாலு வாரம் ஆயிற்று. உடம்பு 80, முழங்கை வலி போய்விட்டது. 100 லேசாக இருந்ததால், காக்கா திட்டுவார் என்று தெரிந்தும் நேற்று வெள்ளி 105 வைத்துப் பார்த்தேன். ஐந்தும் வந்தது, ஐந்தாவது கொஞ்சம் கோணல். அக்கா, ராத்திரி மீன் வந்துவிட்டது. சோறில்லாமல் மீன் வைக்கத்தான் அம்மாவுக்கு மனசு வரவில்லை. தட்டு ஓரத்தில் ஒரு பிடி எப்படியும் வந்து விழுகிறது.