அல்சூர் பெரிய வீடு: பரிசல், பலூன், தாத்தா துப்பாக்கி

கார்த்தி: பெரியப்பா அறுபதாம் கல்யாணத்துக்கு மறுநாள் எல்லாரும் பீமேஸ்வரி. பசங்களுக்கு ஒரு கேம் யோசிச்சேன். ஆத்துல பலூன் மிதக்க விட்டு, பரிசல்ல உக்காந்து ஏர்கன்ல சுடுறது 😎

லதா அத்தை: ஐயோ வேணாம்பா

பிரியா: சூப்பர்டா. ரியாவுக்கு மனு பாக்கர்னா உயிர்

ரவி மாமா: காலை டிபன் வழியிலயா அங்கயா?

சேகர் சித்தப்பா: கார்த்தி, பீமேஸ்வரி காவேரி வனவிலங்கு சரணாலயத்துக்குள்ள வருது. வனவிலங்குச் சட்டம் 31-ம் பிரிவுப்படி, தலைமை வனவிலங்குக் காப்பாளர் எழுத்துல அனுமதி குடுக்காம ஆயுதத்தோட உள்ள போகக் கூடாது. அந்தச் சட்டத்துல கத்தி, வலை, கொக்கி, கண்ணி எல்லாமே ஆயுதம்தான். ஏர்கன் மட்டும் தப்புமா?

கார்த்தி: லைசென்ஸே வேணாம்னு கடைக்காரர் சொன்னாரே

சேகர் சித்தப்பா: அது வேற சட்டம். 4.5 மி.மீ. குண்டு, 20 ஜூலுக்குள்ள சக்தின்னா 2016 ஆயுத விதிப்படி லைசென்ஸ் வேணாம். வீட்ல வெச்சுக்கலாம், அவ்வளவுதான்.

பிரியா: மடிக்கேரில தேங்காய் கட்டி சுடுவாங்களே, அங்க போலாமா

சேகர் சித்தப்பா: அது கைல் போள்து, குடகுக் கொடவர்களோட ஆயுதத் திருவிழா, செப்டம்பர்ல. கொடவர்களுக்கு லைசென்ஸ் விலக்கு 2029 வரைக்கும் இருக்கு. அல்சூர்க்காரங்களுக்கு இல்ல.

பிரியா: 😂😂

ரவி மாமா: அப்ப கனகபுரா தோட்டத்துக் குட்டை. நம்ம இடம், யார் கேட்பா

சேகர் சித்தப்பா: மாமா, அங்கயும் பரிசல் மட்டும் வேணாம். அடி தட்டையா வட்டமா இருக்கு, ஒருத்தர் நகர்ந்து உக்காந்தாலே சுத்தும். பத்து மீட்டர்ல குழல் ஒரு டிகிரி ஆடினா குறி 17 செ.மீ. தள்ளிடும். குறி போனா போகட்டும், பரிசல் சுத்தறப்ப குழல் முனை கரையில நிக்கற எல்லார் மேலயும் ஒரு ரவுண்டு வருமே.

அப்புறம் தண்ணி. குண்டு முங்கிடும்னு நினைக்காதீங்க. சாய்வாப் பட்டா ஓட்டாஞ்சில்லு மாதிரி தத்திப் போகும். ஈய உருண்டைன்னா சுமார் 5 டிகிரிக்குக் கீழ எகிறும். உக்காந்து சுட்டா குழல் தண்ணிக்கு முக்கால் மீட்டர் மேல இருக்கும், பலூன் பத்து மீட்டர்ல. கணக்குப் போட்டா 4 டிகிரி சொச்சம். எதிர்க்கரையில மாடு குளிப்பாட்டறவன் கதி?

லதா அத்தை: நான் முதல்லயே சொன்னேன்

வினோத்: அந்தக் காலத்துக் கப்பல் பீரங்கிக்காரங்க இப்படித்தான் வேணும்னே தண்ணியில தத்த விட்டு எதிரிக் கப்பலை அடிப்பாங்க

கார்த்தி: சரி பரிசல் கட். கரையில?

சேகர் சித்தப்பா: கரையில தாராளமா. துப்பாக்கி சுடுற வீராங்கனை, நம்ம கடலூர்ப் பொண்ணு இளவேனில் சுடுறதும் பத்து மீட்டர்தான், நடுப்புள்ளி அரை மி.மீ. தரையில நின்னே அவ்வளவு கஷ்டம்.

குட்டைக்கு முதுகு காட்டி நிக்கணும், எதிர்ல மண் கரை ஆள் உயரத்துக்கு மேல. அதுக்கு முன்னாடி மணல் மூட்டை ரெண்டு வரிசை. பலூனை விறைப்பா ஊதுங்க, தொளதொளன்னு இருந்தா ஓட்டை விழும், வெடிக்காது. ஆணியில கட்டாதீங்க, ஆணித் தலையில பட்டா குண்டு திரும்பி வரும். அட்டைப் பெட்டியில டேப் போட்டு ஒட்டினா போதும். இரும்பு உருண்டை வேணாம், அதுதான் ரொம்பத் தெறிக்கும். சுடுறவங்க, பாக்கறவங்க எல்லாருக்கும் கண்ணாடி.

குழலை மடிச்சு குண்டு போடறப்ப ஒரு கை குழலைப் பிடிச்சே இருக்கணும். கொக்கி நழுவினா சடார்னு மூடும், விரல் போயிடும். பசங்க கையில மடிக்கற வேலையே குடுக்காதீங்க.

கீழ தார்ப்பாய் விரிக்கணும். ஒரு டப்பா 500 குண்டு, ஒண்ணு அரை கிராம், ஆக கால் கிலோ ஈயம். வாத்து அதைப் பொடிக்கல்லுன்னு முழுங்கும், செத்துடும். சோப்பு போட்டுக் கை கழுவிட்டுத்தான் சாப்பாடு.

ரவி மாமா: சாப்பாடு பிரியாணியா பிசிபேளாவா?

மணி பெரியப்பா: எங்கப்பா காலத்துல ஆயுத பூஜைக்கு இரட்டைக் குழல் துப்பாக்கிக்கு சந்தனம் குங்குமம் வெப்போம். யாரும் பயந்தது இல்ல.

பிரியா: இப்ப அபார்ட்மென்ட் குரூப்ல பொம்மைத் துப்பாக்கி போட்டோ போட்டாலே செக்ரட்டரி போன் பண்றார்

வினோத்: வேடந்தாங்கல்காரங்க அப்பவே பயந்தாங்க. வெள்ளைக்கார சிப்பாய்ங்க ஏரிப் பறவைய சுடுறாங்கன்னு கலெக்டர்கிட்ட போய் 1798-லயே பாதுகாப்பு வாங்கினாங்க

ரவி மாமா: ஆமா, அந்த இரட்டைக் குழல் இப்ப எங்க?

மணி பெரியப்பா: டீலர்கிட்ட டெபாசிட். வாடகை நான் ஒருத்தன்தான் கட்றேன். யாரும் கேட்டதில்ல.

சேகர் சித்தப்பா: அண்ணே, அப்பா போனதும் டெபாசிட் பண்ணது சரி. சட்டம் அதைத்தான் சொல்லுது. ஆனா அப்படியே விட்டா அரசாங்கம் எடுத்துக்கும். ஒரு வாரிசு பேர்ல லைசென்ஸ் எடுக்கணும், இல்ல வித்துடணும். எதுக்கும் மத்த வாரிசுங்க ஆட்சேபணை இல்லைன்னு கையெழுத்து போடணும்.

லதா அத்தை: பொண்ணுங்களும் வாரிசுதானே

மணி பெரியப்பா: யாரு இல்லைன்னா

லதா அத்தை: வளையல் விஷயத்துல யாரும் கையெழுத்து கேக்கல. அதான் கேட்டேன்

(இந்தச் செய்தி நீக்கப்பட்டது)

பிரியா: மாமா என்ன டெலீட் பண்ணீங்க 👀

சேகர் சித்தப்பா: துப்பாக்கிய நேர்ல பேசிக்கலாம். கார்த்தி, மணல் தோட்டத்துல இருக்கு. சாக்கு யார் கொண்டு வர்றீங்க?

பிரியா: அரிசி சாக்கு மூணு இருக்கு

சேகர் சித்தப்பா: பத்தாது