அப்பாவின் மக்குலாவுக்குக் கனடாக் குளிசை கொடுக்கலாமா?

படுவான்கரைப் பிள்ளை

வணக்கம். அப்பாவுக்கு 72 வயது, கொக்கட்டிச்சோலைப் பக்கம் வயல் செய்தவர். நாலு மாதத்துக்கு முன் கண் கிளினிக்கில் இரண்டு கண்ணிலும் மக்குலா, அதாவது விழித்திரையின் நடுப்பகுதி, தேய்வு என்றார்கள். உலர்ந்த வகை, நடுத்தரக் கட்டமாம். "மருந்தில்லை, கீரை சாப்பிடுங்கோ" என்று ஆறு மாதத்துக்குத் திகதி போட்டுவிட்டார்கள்.

கனடா மச்சான் ஒரு போத்தல் குளிசை அனுப்பியிருக்கிறார். விற்றமின் சி, ஈ, சிங்க், பீட்டா கரோட்டின் என்று லேபலில் இருக்கிறது. டவுனில் ஒரு கடையில் மஞ்சள் சத்து, குங்குமப்பூ இரண்டிலும் குளிசை வைத்துக்கொண்டு விழித்திரை திரும்ப வளரும் என்கிறார்கள். பெரியம்மா பொன்னாங்காணிச் சாறு பிழிந்து கண்ணில் விடச் சொல்கிறா. எதைக் கொடுக்க? அப்பா 40 வருசம் சுருட்டுப் பிடித்தவர், போன வருசம்தான் விட்டார்.

இன்னுமொன்று, இரண்டு கிழமையாக இடது கண்ணால் பார்த்தால் கதவுநிலை நெளிந்து தெரிகிறதாம். வயசுதானே என்று அவரே சிரிக்கிறார்.

செங்கலடியான்

பொன்னாங்காணியும் முருங்கையும் போதும். எங்கட பெத்தா 90 வயதிலும் ஊசியில் நூல் கோர்த்தா. குளிசையெல்லாம் காசு பறிக்கிற வேலை.

கல்லடி வாத்தியார்

மகள், குளிசைக் கதை பிறகு. கதவுநிலை நெளிகிறது என்று கடைசியில் போட்டிருக்கிறீர்களே, அதுதான் முதல் வரியாக இருக்க வேண்டியது. உலர்ந்த வகை ஈர வகையாக மாறும்போது விழித்திரைக்குக் கீழே புது இரத்தக்குழாய் முளைத்து நீர் கசியும், நேர்கோடு வளையும். அதற்குக் கண்ணுக்குள் போடுகிற ஊசி இருக்கிறது. பிந்தினால் நடுப் பார்வை தழும்பாகிவிடும். ஆறு மாதத் திகதியைப் பார்க்காமல் நாளைக்கே கூட்டிக்கொண்டு போங்கோ.

இனிப் போத்தல். அது 2001இல் முடிவு வந்த அமெரிக்க ஆய்வின் பழைய கலவை. நடுத்தரக் கட்டத்தில் இருந்தவர்களுக்கு நோய் முற்றுகிற வாய்ப்பை அஞ்சு வருசத்தில் கால்வாசி குறைத்தது, உண்மை. போன பார்வையைத் திருப்பித் தரவில்லை. 2013இல் வந்த இரண்டாவது ஆய்வில் பீட்டா கரோட்டின் எடுத்தவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் கூடியது. அவர்களில் பெரும்பாலானோர் முந்திப் புகைத்து விட்டவர்கள், உங்கள் அப்பா மாதிரி. அதனால் அதை எடுத்துவிட்டு லூட்டீன் 10 மில்லிகிராம், சியாசாந்தின் 2 மில்லிகிராம் போட்டார்கள். அதே ஆய்வில் மீனெண்ணெய்ச் சத்தையும் பார்த்தார்கள், பலனில்லை.

லூட்டீனும் சியாசாந்தினும்தான் மக்குலாவின் மஞ்சள் நிறம். நீல ஒளியை வடிகட்டுகிற வேலை அவற்றுக்கு. உடம்பு அவற்றைச் செய்யாது, சாப்பாட்டில்தான் வரவேண்டும். கீரை, சோளன், முட்டை மஞ்சள் கரு எல்லாவற்றிலும் உண்டு. கொழுப்பில் கரைகிற சாமான் என்பதால் தேங்காய்ப்பால் விட்ட கீரைக்கறி வெறும் அவியலை விட மேல். செங்கலடியான் அரைவாசி சரி. ஆனால் கண்ணுக்குள் சாறு விடுகிற கதை வேண்டவே வேண்டாம். கருவிழியில் கிருமி பிடித்தால் இருக்கிற பார்வையும் போகும். கீரை வாயால்தான் போகவேண்டும்.

குங்குமப்பூ ஒரு நாளைக்கு 20 மில்லிகிராம் கொடுத்த சின்ன ஆய்வுகளில் கொஞ்சம் முன்னேற்றம் கண்டார்கள், பெரிய ஆய்வுக்கு அது ஈடில்லை. மஞ்சளின் குர்குமின் ஆய்வுக்கூடத்தில் நன்றாகத்தான் வேலை செய்கிறது, வயிற்றுக்குள் போனால் பெரும்பகுதி உடம்பில் சேர்வதில்லை. விழித்திரை வளரும் என்பது பொய். இது குளிசைக்கு எதிரான கோபம் இல்லை, நானே ஒரு காலத்தில் வாங்கி விழுங்கியவன்.

எனக்கு ரெட்டினிட்டிஸ் பிக்மென்டோசா, விழித்திரை மெல்ல மெல்லப் பழுதாகிற பரம்பரை நோய். பள்ளிக்கூடம் படிக்கிற வயதில் பொழுதுபட்டால் சைக்கிளோடு கானுக்குள் விழுவேன். மாலைக்கண் என்று அம்மா ஆட்டு ஈரலும் சுறா எண்ணெயும் தந்தா. விற்றமின் ஏ குறைந்து வந்த மாலைக்கண்ணாக இருந்திருந்தால் தெளிந்திருக்கும். எனக்கு மரபணுப் பிழை, ஈரல் என்ன செய்யும்? 1993இல் விற்றமின் ஏ 15,000 அலகு இந்த நோயை மெதுவாக்கும் என்று ஓர் ஆய்வு வந்தது. அதிலேயே விற்றமின் ஈ 400 அலகு கேட்டை விளைவிக்கலாம் என்றும் இருந்தது. பிறகு விற்றமின் ஏ பற்றியே சந்தேகம் வந்துவிட்டது. மக்குலாவைத் தாக்குகிற இன்னொரு பரம்பரை நோயான ஸ்டார்கார்ட் நோய்க்காரருக்கோ விற்றமின் ஏ குளிசை ஆகவே ஆகாது. உங்கள் அப்பா போத்தலில் விற்றமின் ஈ இருக்கிறது, அவருடைய நோய்க்கு அது சரி, எனக்குச் சரியில்லை.

படுவான்கரைப் பிள்ளை

சேர், மறுநாளே கூட்டிக்கொண்டு போனோம். இடது கண்ணில் நீர் கசிகிறது, வலது இன்னும் உலர்ந்த வகைதான். முதல் ஊசி போட்டாச்சு. மாதம் ஒன்று, முதலில் மூன்று என்றார்கள். அப்பா இப்போது கதவுநிலையை ஒவ்வொரு கண்ணாகப் பொத்திப் பொத்திப் பார்க்கிறார்.

பெரியம்மா சமாதானமாகி பொன்னாங்காணியைச் சுண்டி வைக்கிறா. மச்சானுக்கு எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை, தபால் செலவு மட்டுமே கொள்ளை.

கல்லடி வாத்தியார்

திட்டாமல் சொல்லுங்கோ. அடுத்த போத்தலில் லூட்டீன் இருக்கவேண்டும், பீட்டா கரோட்டின் இருக்கக்கூடாது என்று எழுதி லேபலைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கோ. வலது கண்ணுக்கு அது உதவும். வாங்கமுதல் டொக்டரிடமும் படத்தைக் காட்டுங்கோ. இரத்தம் உறையாமலிருக்க அப்பா வார்பரின் எடுப்பவர் என்றால் கட்டாயம் சொல்லவேணும், விற்றமின் ஈ அதோடு சேர்ந்தால் இரத்தம் கசிகிற ஆபத்து கூடலாம்.