2008 பிரைமரி: பெட்ரோல் வரி விவாதம் ஒபாமாவுக்கு உதவியதா?

கேள்வி:
2008 அமெரிக்க அதிபர் தேர்தலுக்கு ஜனநாயகக் கட்சியின் வேட்பாளர் யார் என்று மாநிலம் மாநிலமாக நடந்த கட்சி ஓட்டெடுப்பில் (பிரைமரி) ஒபாமாவும் ஹிலாரி கிளிண்டனும் மோதினார்கள். ஐயோவா காக்கஸில் (கட்சிக்காரர்கள் கூடி ஆளைத் தேர்ந்தெடுக்கும் கூட்டம்) ஒபாமா ஜெயிக்கிறார்; ஐந்தே நாளில் நியூ ஹாம்ப்ஷையரில் ஹிலாரி. பிப்ரவரியில் ஒபாமா வரிசையாக ஜெயித்துவிட்டு, மார்ச் 4 அன்று ஒஹையோவில் தோற்கிறார். காற்று இப்படி மாறி மாறி அடிக்கப் பொருளாதாரம்தான் காரணமா?

பதில் 1:
ஒஹையோவில் ஆமாம் என்பேன். ஆலைகள் மூடப்பட்ட ஊர்கள் நிறைந்த மாநிலம். நாஃப்டா என்ற, கனடா, மெக்சிகோவுடனான வர்த்தக ஒப்பந்தத்தை இருவரும் போட்டி போட்டுத் திட்டினார்கள். அதைச் சட்டமாக்கியவர் ஹிலாரியின் கணவர், அன்றைய அதிபர் பில் கிளிண்டன். ஆனாலும் ஓட்டு ஹிலாரிக்கே!

பதில் 2:
எனக்குப் பிடித்த கட்டம் ஏப்ரல், மே மாதங்கள். கோடை முடியும்வரை ஒரு கேலனுக்கு 18.4 சென்ட் மத்திய பெட்ரோல் வரியை நிறுத்தலாம் என்று போட்டிக் கட்சியான குடியரசுக் கட்சியின் மெக்கெய்ன் சொல்ல, ஹிலாரியும் சேர்ந்துகொண்டார். இழப்பை எண்ணெய் கம்பெனிகளிடம் வசூலிக்கலாம் என்றார். ஒபாமாவோ இது வெறும் கண்கட்டு வித்தை என்று எதிர்த்தார். ஓட்டுக் கேட்கும் நேரத்தில் சலுகை வேண்டாம் என்று சொல்லத் துணிச்சல் வேண்டும் (அவர்மேல் எனக்கு வேறு ஆயிரம் குறை உண்டு). மே 6 அன்று வட கரோலினாவில் பெரிய வெற்றி, இண்டியானாவில் மயிரிழையில் தோல்வி. வரி மட்டுமே காரணம் என்று சொல்லமாட்டேன். வட கரோலினாவில் கறுப்பின மக்கள் பெருவாரியாக அவருக்கே போட்டார்கள்.

கேட்டவர்:
அப்போ இண்டியானாவில் ஜெயித்தும் ஹிலாரிக்கு லாபமில்லையா?

பதில் 2:
பெரிதாக இல்லை. ஜனநாயகக் கட்சியில் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் பிரதிநிதிகளை ஓட்டு விகிதப்படி பிரிப்பார்கள். ஒரு சதவீத வித்தியாசத்தில் ஜெயித்தால் கூடுதலாகக் கிடைப்பது நாலைந்து பேர்தான். பிப்ரவரியில் பிரதிநிதிகள் எண்ணிக்கையில் விழுந்த இடைவெளியை அதை வைத்து எப்படி அடைப்பது?