காற்று ரொக்கெட் எழும்பவில்லை, சனிக்கிழமைக்குள் உதவி வேண்டும்

மாங்குளத்தான்:
அவசரம். சிறுவர் கழகப் பிள்ளைகளுக்குச் சனிக்கிழமை காற்று ரொக்கெட் விட்டுக் காட்டுவதாகச் சொல்லிவிட்டேன். எல்லாம் சரியாகத்தான் செய்தது. காற்று போனால் புஸ் என்று சத்தம் மட்டும், ஒரு முழம் எழும்பி விழுகிறது. என்ன பிழை?

பாலையடி:
எந்த ரொக்கெட்? தாளா, போத்தலா? பம்பால் அடிக்கிறீர்களா, காலால் மிதிக்கிறீர்களா?

தண்ணிப்போத்தல்:
தண்ணீர் விட்டீர்களா? போத்தலில் கால்வாசி, கூடினால் மூன்றில் ஒரு பங்கு. வெறும் காற்றுக்குப் பாரம் குறைவு, அதனால் தள்ளும் காணாது. சோடாப் போத்தலே எடுங்கள். குடிதண்ணீர்ப் போத்தல் மெல்லிசு, தாங்காது.

முறிகண்டி மாஸ்டர்:
தம்பி, வைத்தியரிடம் போய் "வருத்தம்" என்று மட்டும் சொன்னால் மருந்து கிடைக்குமா? பைப் அளவு இல்லை, படம் இல்லை. போன வருடமே இதைப் பற்றி விளக்கமாக எழுதியிருக்கிறேன். தேடிப் படிக்கப் பஞ்சி.

மாங்குளத்தான்:
தாள் ரொக்கெட். அரை அங்குலப் பைப், ஒரு முனையில் சோடாப் போத்தல், மறுமுனையில் ரொக்கெட். போத்தலை மிதிக்கிறது.

வெட்டுக்கிளி:
சோளகக் காற்று அடிக்கிற நேரம் வெளியில் விட்டால் இப்படித்தான். விடியப்புறம் விட்டுப் பாருங்கள்.

பாலையடி:
காற்று அடித்தால் சரிந்து போகும், எழும்பாமல் விடாது. தாளைப் பைப்பில் இறுக்கிச் சுற்றியிருப்பார், அதுதான் பிடிக்கிறது. முதலில் பைப்பில் ஒரு சுற்றுத் தாள் போட்டு, அதற்கு மேலே ரொக்கெட்டைச் சுற்றி ஒட்டுங்கள். பிறகு உள்தாளை உருவி எடுத்தால் அளவான இடைவெளி கிடைக்கும்.

குமுழமுனை அக்கா:
இறுகியிருந்தால் புஸ் என்று கேட்காது. எங்கேயோ ஒழுகுது தம்பி. ரொக்கெட்டின் வால் பக்கம் வாயை வைத்து ஊதுங்கள், மூக்குப் பக்கம் கன்னத்தைப் பிடிக்க ஒரு பிள்ளையைச் சொல்லுங்கள். கன்னத்தில் காற்றுப் பட்டால் செலோரேப்பை மூக்கின் மேலாகக் குறுக்கும் நெடுக்கும் ஒட்டுங்கள். தலைப்பாரம் கூடினால் அந்தரத்தில் குத்துக்கரணமும் அடிக்காது. போத்தலும் பைப்பும் சேரும் இடத்தில் பழைய சைக்கிள் ரியூப் துண்டை இழுத்துச் சுற்றுங்கள். கொப்பித் தாளே போதும், மட்டை வேண்டாம்.

கரிப்பட்டான்:
மிதிக்கிற வேலையே வேண்டாம். நாலு அங்குலப் பைப்பை இரண்டு பக்கமும் மூடி, சைக்கிள் வால்வு வைத்துக் காற்றடித்துத் திறந்துவிடுங்கள். தென்னை உயரத்துக்குப் போகும்.

முறிகண்டி மாஸ்டர்:
பிள்ளைகள் நிற்கும் இடத்தில் இதைச் செய்யச் சொல்பவரை என்னவென்பது. பைப்பில் அடித்திருக்கும் அழுத்த அளவு தண்ணீருக்கு. தண்ணீர் சுருங்காது, வெடித்தால் சீறி அடங்கிவிடும். அடைத்த காற்று ஒரேயடியாக விரியும், பைப் சில்லுச் சில்லாய்ப் பறக்கும்.

கரிப்பட்டான்:
எங்கள் வீட்டில் இன்னும் வெடிக்கவில்லை.

முறிகண்டி மாஸ்டர்:
வெயிலில் கிடந்த பைப் இன்னும் மோசம். பிறகு சொல்லவில்லை என்று சொல்லாதீர்கள்.

பாலையடி:
மிதிக்கும்போது பைப்பின் வாய் திறந்துதானே இருக்கிறது, அழுத்தம் தேங்காது. அதில் பயமில்லை. இவர் மாஸ்டராக இருந்தாலும் இந்த விஷயத்தில் சரிதான்.

கரிப்பட்டான்:
சரி சரி, ஆளுக்கொரு ஹெல்மெட் வாங்கிக் கொடுங்கள்.

குமுழமுனை அக்கா:
சண்டையை விடுங்கள். தம்பி, பள்ளிக்கூட மைதானத்திலேயே விடுங்கள். பற்றைக்குள் விழுந்ததை எடுக்க ஒருவரையும் விடாதீர்கள். வன்னியில் கண்ணிவெடி எடுக்கும் வேலை இன்னும் முடியவில்லை. எச்சரிக்கைப் பலகை இல்லாத இடமென்றாலும் வேண்டாம், ஒரு தாள் போனால் போகட்டும், இன்னொன்று சுற்றலாம்.

மாங்குளத்தான்:
மூக்கால்தான் ஒழுகியது. இப்போது போகிறது, ஒன்று மண்டபக் கூரையில். சோடாப் போத்தல் மிதித்து மிதித்துப் பிளந்துவிட்டது. நன்றி அக்கா.

வெட்டுக்கிளி:
என்னிடம் முக்கால் அங்குலப் பைப்தான் கிடக்கிறது. சரிவருமா?

பாலையடி:
வரும். தாளை அந்தப் பைப்பிலேயே சுற்றுங்கள். ஆனால் போத்தல் கழுத்துக்குள் போகாது, வெளியே முட்டவைத்து ரியூப்பால் கட்ட வேண்டும்.