புதுப்பிப்பு: எங்கள் புகைபோக்கிக் கருவி ஏன் குறைத்துக் காட்டியது?

சென்ற மாதம் கேட்டிருந்தேன்: தேயிலைத் தொழிற்சாலையின் விறகு அடுப்புப் புகைபோக்கியில் கரும்புகை கண்ணுக்கே தெரிகிறது, புகையிலுள்ள துகள்களை ஒளியால் அளக்கும் துகள்மானி மட்டும் எப்போதும் குறைவாகக் காட்டுகிறதே, ஏன்? லென்ஸைத் துடைக்கச் சொன்னீர்கள். துடைத்தோம். துணிதான் கறுத்தது.

இப்போது விடை கிடைத்துவிட்டது. கொழும்பிலிருந்து வந்த பரிசோதகர் புகையை அதன் வேகத்திலேயே வடிதாள் வழியே உறிஞ்சி, தாளை நிறுத்து, அதே நேரத்துக் கருவி அளவோடு ஒப்பிட்டார். ஒவ்வொரு முறையும் ஐந்தில் ஒரு பங்கு குறைவு. பிழை இவ்வளவு ஒழுங்காக இருக்கிறதே என்று அமைப்புகளைத் திறந்தார். அழுத்தம் 101.3 கிலோபாஸ்கல். கடல் மட்டத்து அளவு! நாங்கள் இருப்பதோ நுவரெலியாப் பக்கம், ஏறக்குறைய 1,900 மீட்டர் உயரத்தில். இங்கே 80 சொச்சம்தான். நியம நிலைக்கு, அதாவது எல்லா இடத்து அளவுகளையும் ஒப்பிடக் கணக்கில் கொள்ளும் கடல் மட்டத்து அழுத்தத்துக்கு, சரியாக மாற்றினால், திரையில் தெரிந்த கனமீட்டருக்கு 100 மில்லிகிராம் உண்மையில் 125.

துகளே இல்லாதபோது கருவி பூச்சியம் காட்டுகிறதா என்று பார்க்கும் தினசரிப் பூச்சியச் சோதனையில் இது பிடிபடாததற்குக் காரணம், அது ஒளியுணரியை மட்டுமே பார்க்கிறது. பின்னால் நடக்கும் கணக்கை அல்ல. இத்தகைய கருவிகளைச் சரிபார்ப்பதற்கான ஐரோப்பிய நியமமான ஈஎன் 14181, இப்படிக் குறைந்தது 15 ஒப்பீடுகள் கேட்கிறது. மழையில் எங்களால் 5தான் முடிந்தது. மீதி அடுத்த வருகையில்.

திருத்தியதும் எண் ஏறியது. தோட்ட மேலாளரான பெரிய துரையின் முகம் சுருங்கியது. காய்ந்த விறகு குறைவாகப் புகையும்; அதைக் காயவைக்கக் கொட்டகை கேட்க இதுதான் நேரம்.