சிவப்புப் பட்டுப் பூவேலை: கிரேக்கத்தின் எந்தத் தீவைச் சேர்ந்தது?

ஊசிநூல்:
அனைவருக்கும் வணக்கம். லண்டனில் இருக்கும் என் அத்தை பல ஆண்டுகளுக்கு முன் ஒரு பழம்பொருள் சந்தையில் வாங்கிய லினன் துணி ஒன்றை அண்மையில் என்னிடம் கொடுத்தார். ஏறத்தாழ இரண்டு முழ நீளமும் ஒரு முழ அகலமும் உள்ள அத்துணியில், அடித்துணியே தெரியாதபடி, சிவப்புப் பட்டு நூலால் மட்டும் இலை வடிவங்கள் நெருக்கமாகத் தைக்கப்பட்டுள்ளன. சன்னலருகே வைத்துத் திருப்பினால் சில இலைகள் கருஞ்சிவப்பாகவும் சில வெளிர்சிவப்பாகவும் மாறுகின்றன. மூன்று ஓரங்கள் மடித்துத் தைக்கப்பட்டிருக்க, நான்காவது ஓரம் மட்டும் ஓர் இலையின் நடுவே கத்தரிக்கோலால் வெட்டப்பட்டிருக்கிறது. உடன் இருந்த சீட்டில் ‘கிரேக்கத் தீவுகள்’ என்று மட்டுமே எழுதியிருந்தது. இது எந்தத் தீவின் வேலை? வெட்டுப்பட்ட ஓரத்தை நேராக்கி மடித்துத் தைத்து, துணியைத் துவைத்து வைக்கலாமா?

பட்டிழை:
உங்கள் விவரிப்பைப் படித்தவுடன் என் நினைவுக்கு வந்தது நக்சோஸ் தீவு. அங்கே பெண்கள் துணியின் பாவு, ஊடு இழைகளை எண்ணி எண்ணி, முறுக்கு மிகக் குறைந்த பட்டு நூலால் ஓட்டுத் தையல் போட்டார்கள். அடுத்தடுத்த இலைகளில் தையலின் திசையை மாற்றியதால், ஒரே நூல் ஒளியை வெவ்வேறு விதமாகத் திருப்பியனுப்பி இரண்டு மூன்று சிவப்புகளாகத் தோன்றுகிறது. நீங்கள் சன்னலருகே கண்டது அதைத்தான். ஸ்கைரோஸ் தீவின் வேலையாக இருந்தால் கப்பல்களும் சேவல்களும் மனித உருவங்களும் பல நிறங்களில் இருந்திருக்கும். கிரேக்கப் பெருநிலத்தின் வடமேற்கிலுள்ள எபிரஸ் பகுதியில் துருக்கியக் கலையின் தாக்கத்தால் டியூலிப், கார்னேஷன் மலர்கள் மிகுதி. லண்டனிலுள்ள விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் நக்சோஸ் துணிகள் உள்ளன, ஒப்பிட்டுப் பாருங்கள்.

திரைச்சீலை:
தீவைப் பற்றி மேலே சொன்னதை ஏற்கிறேன். வெட்டுப்பட்ட ஓரத்தைப் பற்றி மட்டும் எழுதுகிறேன், ஏனெனில் அப்படி வெட்டிய துணிகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் வலிக்கிறது. கிரேக்கத் தீவுகளின் இத்தகைய பூவேலைத் துணிகள் மணப்பெண்ணின் சீர்வரிசைக்காகத் தைக்கப்பட்ட கட்டில் திரைகள், தலையணை உறைகள், விரிப்புகள். ரோட்ஸ் முதலான தெற்குத் தீவுகளில், ஒரே அறை கொண்ட வீட்டின் ஒரு பக்கத்தில் உயர்த்திக் கட்டிய படுக்கை மேடையைச் சுற்றி, கூரையிலிருந்து தொங்கும் மரவளையத்தில் ‘ஸ்பெர்வேரி’ என்னும் கூடாரத்தைக் கட்டினார்கள். மேலே குறுகிக் கீழே விரியும் லினன் பட்டைகளை இணைத்துச் செய்த அந்தக் கூடாரத்தின் வாயிற்பகுதியில்தான் பூவேலை மிக அடர்த்தியாக இருக்கும். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வேஸ், டாக்கின்ஸ் ஆகிய தொல்லியல் அறிஞர்கள் தீவு தீவாகச் சென்று இத்துணிகளைச் சேகரித்தனர்; வணிகர்களோ பெரிய திரைகளைத் துண்டுகளாக்கி விற்றனர். உங்களுடையதும் ஒரு கட்டில் திரையிலிருந்து அப்படிப் பிரிந்த துண்டாக இருக்கக்கூடும். ஆகவே அந்த ஓரத்தை நேராக்க வேண்டாம். இதன் மற்றொரு பகுதி எங்கேனும் இருந்தால், பாதி இலையும் பாதி இலையும் பொருந்துவதுதான் இரண்டையும் இணைக்கும் சான்று.

பட்டிழை:
துவைப்பது பற்றியும் சொல்லிவிடுகிறேன். தண்ணீரில் நனைக்கவே வேண்டாம். பழைய சிவப்புச் சாயம் லினனில் ஊறிவிட்டால் மீட்க இயலாது. மடித்தால் மடிப்பில் பட்டிழை அறுந்துபோகும். அமிலமற்ற தாள் சுற்றிய உருளையில், பூவேலை வெளிப்புறம் இருக்குமாறு தளர்வாகச் சுற்றி, வெயில் படாத இடத்தில் வையுங்கள்.

ஊசிநூல்:
இருவருக்கும் மிக்க நன்றி. ஊசியும் நூலும் எடுத்து வைத்துவிட்டுத்தான் இங்கே கேட்டேன்; இப்போது அவற்றைப் பெட்டிக்குள் வைத்துவிட்டேன். வெட்டுப்பட்ட இலையை அருகிலிருந்து படமெடுத்து, அளவுடன் இங்கே பதிவிடுகிறேன். இதன் மறுபாதியைக் கண்டவர்கள் தெரிவிக்க வேண்டுகிறேன்.